காப்பீட்டு முகவர் பயிற்சி: எது கட்டாயம், எது தேவை, எதற்குப் பணம் கட்ட வேண்டாம்?

“உங்கள் முகவர் உரிமம் காலாவதியாகப் போகிறது. அங்கீகாரம் பெற்ற 25 மணி நேரப் பயிற்சியை உடனே முடியுங்கள்.” இப்படி ஒரு வாசகம் கைப்பேசியில் வந்து விழுந்தால், ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ பாலிசி சேர்த்துக் குடும்பம் நடத்தும் முகவர் திகைத்துப்போவது இயல்பு. வெளிநாட்டில் இதே தொழில் பார்க்கும் உறவினர் ஒருவர் “இங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் படித்தாக வேண்டும்” என்று சொல்லிவிட்டால் குழப்பம் இன்னும் கூடுகிறது. பயிற்சிக் கட்டணமாகச் சில ஆயிரம் ரூபாய் கேட்கப்படும்போது, கட்டுவதா விடுவதா என்று தெரியாமல் பலர் தவிக்கிறார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சட்டம் என்ன கேட்கிறது என்பது முதல் கேள்வி. சட்டம் கேட்காவிட்டாலும் இந்தக் கடற்கரையில் பாலிசி விற்பவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அரை மணி நேரத்தில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் பெரிது. அதைத் தவறவிட்டால் நட்டம் முகவருக்கு மட்டும் அல்ல. கடலுக்குப் போனவரின் வீட்டில் காத்திருக்கும் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும்தான்.

உரிமம் போய் நியமனம் வந்தது

1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் முகவர்களைப் பற்றிப் பேசுவது 42-ஆம் பிரிவு. 1999-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் அமைந்த பிறகு, 2000-இல் முகவர் உரிமத்துக்கான விதிமுறைகள் வந்தன. உரிமம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். புதிதாக வருபவர் 100 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். 2007-இல் இது 50 மணி நேரமாகக் குறைந்தது. மூன்று ஆண்டு முடிந்து உரிமத்தைப் புதுப்பிக்க வருபவருக்கு 25 மணி நேரப் பயிற்சி. இன்று சுற்றிவரும் “25 மணி நேரப் புதுப்பிப்புப் பயிற்சி” என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2015-இல் காப்பீட்டுச் சட்டங்கள் திருத்தப்பட்டன. அதற்கு ஏற்ப முகவர் நியமனத்துக்கான புதிய விதிமுறைகள் 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்து ஆணையம் தனிநபர் முகவருக்கு உரிமம் வழங்குவதில்லை. காப்பீட்டு நிறுவனமே தேர்வு பெற்றவரை நேரடியாக முகவராக நியமிக்கிறது. பேச்சு வழக்கில் இன்னும் ‘லைசன்ஸ்’ என்றே சொல்கிறோம். கையில் இருப்பதோ நியமனக் கடிதம்.

இந்த மாற்றத்தின் விளைவுகள் மூன்று:

1. தனிநபர் முகவரின் நியமனத்துக்கு மூன்று ஆண்டு என்ற கெடு கிடையாது. கெடு இல்லாதபோது புதுப்பித்தலும் இல்லை. புதுப்பித்தலுக்கான மணிக்கணக்கும் இல்லை.

2. பயிற்சிக்கான பொறுப்பு நியமித்த நிறுவனத்தின் தோளில் ஏறிவிட்டது. முகவர் செய்யும் காரியங்களுக்கும் செய்யத் தவறியவற்றுக்கும் நிறுவனம் பொறுப்பு. அதற்கான அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது சட்டம். ஆகவே தன் முகவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது நிறுவனத்துக்கு உபகாரம் அன்று, தற்காப்பு. கிளை அலுவலகத்தில் பயிற்சி கேட்க முகவர் தயங்க வேண்டியதே இல்லை.

3. ஒரு முகவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றுக்கு ஒரே நேரத்தில் பணி செய்யலாம்; பயிர்க் காப்பீடு போல ஒரே துறையில் மட்டும் இயங்கும் நிறுவனமும் இதனோடு சேரலாம். எனவே ஒருவருக்குப் பயிற்சி தரக் கடமைப்பட்டவை இரண்டு மூன்று நிறுவனங்களாகவும் இருக்கலாம்.

‘அங்கீகரிக்கப்பட்ட’ என்றால் யாரால், யாருக்கு?

விளம்பரத்தில் இந்த ஒரு சொல்லைப் பார்த்தவுடன் மனம் நம்பிவிடுகிறது. நம்புவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அங்கீகரித்தது யார்? எந்தப் பணியில் இருப்பவருக்காக அங்கீகரித்தார்கள்? காப்பீடு விற்பவர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகை அல்லர்.

1. புதிதாக முகவராக வருபவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நிறுவனம் ஒன்று விண்ணப்பத்தை ஏற்று, பயிற்சி தந்து, தேர்வுக்கு அனுப்பும். தேர்வை நடத்துவது மும்பையில் 1955 முதல் இயங்கும் இந்தியக் காப்பீட்டு நிறுவகம். ‘ஐசி 38’ என்ற பாடநூல் தமிழிலும் கிடைக்கிறது. 50 கேள்விகள், தேர்ச்சிக்கு 35 விழுக்காடு. தேர்ச்சி பெற்ற 12 மாதங்களுக்குள் நியமனம் பெற்றுவிட வேண்டும்.

2. விற்பனை முனைய நபர். ‘பி.ஓ.எஸ்.பி.’ என்று அழைக்கப்படும் இவர்கள், முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட எளிய பாலிசிகளை மட்டும் விற்கலாம். இவர்களுக்கு 15 மணி நேரப் பயிற்சியும் அதன் முடிவில் ஒரு தேர்வும் உண்டு. இரு சக்கர வாகனக் காப்பீடு போட்டுத் தரும் இளைஞர்கள் பலர் இந்த வகையில் வருவார்கள். இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எல்லாப் பாலிசியும் விற்க முடியாது.

3. தரகு நிறுவனத்தின் பொறுப்பாளர்கள். காப்பீட்டுத் தரகர்களுக்கான 2018 விதிமுறைகள் மூன்று ஆண்டுப் பதிவையும், புதுப்பிக்கும்போது முதன்மை அலுவலருக்கு 25 மணி நேரப் பயிற்சியையும் வகுத்தன. வங்கிகள் போன்ற கூட்டு முகவர்களின் கீழ் காப்பீடு விற்கும் ஊழியர்களுக்கும் தனி விதிமுறை இருக்கிறது. ‘அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி’ என்ற சொல்லுக்கு முழுப் பொருள் இருப்பது இத்தகைய இடங்களில்தான்.

4. ஏற்கெனவே நியமனம் பெற்ற தனிநபர் முகவர். இவர் உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வெளியே யாருக்கும் கட்டணம் கட்டி மணிக்கணக்கு சேர்க்க வேண்டியதில்லை. தன் நிறுவனம் நடத்தும் பயிற்சிகளுக்குப் போக வேண்டும், அதோடு சரி.

மூன்றாம் வகையினருக்கான பயிற்சியை நான்காம் வகையினரிடம் விற்க முயல்வதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். சந்தேகம் வந்தால் செய்தியில் உள்ள எண்ணுக்கு அழைக்கக் கூடாது. நியமனக் கடிதத்தில் உள்ள கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பதே வழி.

வெளிநாட்டுக் கணக்கு வேறு

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்க விவரங்கள். அங்கே காப்பீட்டு உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு 24 மணி நேரத் தொடர்கல்வி. அதில் 3 மணி நேரம் தொழில் நெறி பற்றியது. டெக்சாசிலும் 24 மணி நேரம். நியூயார்க்கில் 15. பாடத்தையும் நடத்துபவரையும் மாநிலக் காப்பீட்டுத் துறை முன்கூட்டியே அங்கீகரித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் படித்த நேரம் கணக்கில் ஏறாது. அங்குள்ள முகவருக்கு ‘அங்கீகாரம்’ என்பது உரிமத்தின் உயிர்நாடி. அந்தக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது.

ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தை விற்கும் முகவர்கள் வெள்ளம் பற்றி மட்டும் தனியாக 3 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அந்நாட்டு ஏற்பாடு. ஓரிடத்தின் ஆபத்துக்கு ஏற்ற பாடம் என்ற அந்த எண்ணம் நமக்கு மிகவும் வேண்டியது. மதுரையில் கடை வைத்திருப்பவருக்கும் பாம்பனில் விசைப்படகு வைத்திருப்பவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்து அனுப்பும் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை எங்கெங்கே என்று இனிப் பார்ப்போம்.

இந்தக் கடற்கரை கேட்கும் பாடங்கள்

தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர் இருக்கிறார். ராமேஸ்வரத்தில் விசைப்படகில் தங்கல் தொழிலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போகிறவர் இருக்கிறார். மண்டபத்தைச் சுற்றிய தீவுகளில் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் ‘கூலி’ என்று எழுதி முடித்துவிட்டால் விண்ணப்பம் சீக்கிரம் ஏற்கப்படலாம். ஆபத்தான தொழில் என்று தெரிந்தால் நிறுவனம் கூடுதல் பிரீமியம் கேட்கும், அல்லது மறுக்கும் என்ற பயம்தான் காரணம்.

சட்டத்தின் 45-ஆம் பிரிவு இதற்கு எதிரே நிற்கிறது. பாலிசி வழங்கிய நாள், ஆபத்துப் பொறுப்பு தொடங்கிய நாள், பாலிசி புத்துயிர் பெற்ற நாள், கூடுதல் பலன் சேர்த்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்து மூன்று ஆண்டு முடிந்துவிட்டால், எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. மூன்று ஆண்டுக்குள் என்றால் மோசடியையோ முக்கியமான உண்மை மறைக்கப்பட்டதையோ காட்டி நிறுவனம் மறுக்கலாம். குளியாளி ஒருவர் இரண்டாம் ஆண்டில் இறந்துபோனால், அந்த ஒரு சொல்லே குடும்பத்தின் கழுத்தை இறுக்கும். எழுதியது முகவர், கையெழுத்துப் போட்டது இறந்தவர். தவறான தகவல் தர வாடிக்கையாளரைத் தூண்டக் கூடாது என்று 2016 விதிமுறைகளின் நடத்தை நெறி தெளிவாகச் சொல்கிறது.

தடைக்காலமும் பிரீமியத் தேதியும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் வரவு குறைவு. ஆயுள் பாலிசியில் மாதப் பிரீமியத்துக்குச் சலுகைக் காலம் 15 நாள். காலாண்டு, அரையாண்டு, ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள். 61 நாள் வருமானமின்மையை எந்தச் சலுகைக் காலத்தாலும் முழுமையாகத் தாங்க முடியாது என்பது சாதாரணக் கழித்தல் கணக்கு.

பாலிசி காலாவதியானால் பிறகு புத்துயிர் கொடுக்கலாம். பங்குச்சந்தையோடு இணையாத பாலிசிகளுக்கு அதற்கான காலம் ஐந்து ஆண்டு. ஆனால் மேலே சொன்ன 45-ஆம் பிரிவை மீண்டும் பாருங்கள்: புத்துயிர் பெற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு தடைக்காலத்திலும் பாலிசி விழுந்து எழுந்தால், அந்தக் குடும்பம் மூன்று ஆண்டுப் பாதுகாப்பை என்றைக்குமே எட்டாமல் போகலாம். மாதத் தவணையை எல்லோருக்கும் வசதியானது என்று பொதுவாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி இந்த ஊருக்கு ஆகாது. கடல் திறந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, கையில் காசு புழங்கும் நேரத்தில் ஆண்டுப் பிரீமியம் விழுமாறு பாலிசித் தேதியை அமைக்க முகவர் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பாடம் பத்து விற்பனைப் பாடங்களுக்குச் சமம்.

கடலில் காணாமல் போனவர்

உடல் கிடைக்காத மரணம் இந்தக் கரையின் தீராத துயரம். உடல் இல்லையென்றால் பிரேதப் பரிசோதனை இல்லை. இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் நிலை. முன்பு 108-ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 111-ஆம் பிரிவாக இருக்கிறது.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. இறந்துவிட்டார் என்று கொள்ள இந்தப் பிரிவு உதவும்; எந்த நாளில் இறந்தார் என்பதை இது சொல்லாது. அந்த நாளை ஆதாரங்களால்தான் நிறுவ வேண்டும். நீதிமன்ற ஆணை வரும்வரை பிரீமியத்தை விடாமல் கட்டச் சொல்வது ஆயுள் காப்பீட்டில் வழக்கமான நடைமுறை. இதைத் தெரியாமல் குடும்பம் கட்டுவதை நிறுத்திவிட்டால் பாலிசியே போய்விடும். ஆகவே காணாமல் போன அன்றே காவல் நிலையப் புகார், கடலுக்குப் போக மீன்வளத் துறையில் வாங்கிய டோக்கன் (அனுமதிச் சீட்டு) விவரம், உடன் சென்ற படகுக்காரர்களின் வாக்குமூலம், தேடுதல் பணியின் பதிவு ஆகியவற்றைத் திரட்டி வைக்க வேண்டும். கணவனை இழந்த பெண் அந்த நேரத்தில் இதையெல்லாம் எண்ணிப் பார்க்க மாட்டாள். பக்கத்தில் நின்று செய்ய வேண்டியவர் முகவர். கிளைம் பற்றி ஒரு மணி நேரம்கூட ஒதுக்காத பயிற்சி அவரை அந்த வாசலில் வெறுங்கையோடு நிறுத்திவிடும்.

மீனவர்களுக்கான அரசுத் திட்டங்களையும் இங்கேயே கற்க வேண்டும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் உள்ள குழு விபத்துக் காப்பீட்டில் மரணம் அல்லது முழு நிரந்தர ஊனத்துக்கு 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். மீனவர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. இவற்றில் முகவருக்குப் பெரிய வருமானம் இல்லை. ஆனாலும் கேட்டு வரும் குடும்பத்துக்கு எல்லாக் கதவுகளையும் காட்டத் தெரிந்தவரிடம்தான் அந்தத் தெருவே அடுத்த பாலிசி எடுக்கும்.

பிடிபட்ட படகு

பொதுக் காப்பீடும் விற்பவர்களுக்கு இது. படகுக் காப்பீடு இருந்தால் இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற படகுக்கும் இழப்பீடு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கப்பல், படகுகளுக்கான வழக்கமான கடல்சார் காப்பீட்டு நிபந்தனைகளில் ‘போர் விலக்கு’ என்ற பகுதி உண்டு. போர் என்ற தலைப்பின் கீழேயே பிடித்தல், கைப்பற்றுதல், தடுத்து வைத்தல் ஆகியவையும் விலக்கப்படுகின்றன. தலைப்பை மட்டும் படிப்பவருக்கு இது தெரியாது. பாலிசியில் குறித்த கடல் எல்லை, படகு கடலுக்குப் போகத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவையும் இப்படித்தான் உள்ளே ஒளிந்திருக்கின்றன. பல லட்சம் ரூபாய் கடனில் கட்டிய படகு. விற்கும் நாளிலேயே “இதற்கு இழப்பீடு கிடைக்காது” என்று தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். கடல்சார் காப்பீட்டுக்குத் தனிப் பாடம் இல்லாத பயிற்சியை முடித்துவிட்டுப் படகுப் பாலிசியில் கை வைப்பது சரியல்ல.

வீடு, வாகனம், நாமினி

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த மாவட்டம் இது. இன்றும் வீட்டுக் காப்பீடு வீட்டுக் கடன் வாங்கியவர்களைத் தாண்டி அதிகம் போவதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரியாகத் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி புயல், வெள்ளம் இரண்டையும் ஏற்கிறது. கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருட்களும் தாமாகவே சேர்கின்றன. வாகனத்தில் தண்ணீர் புகுந்த நிலையில் என்ஜினை இயக்கியதால் வரும் பழுதைச் சாதாரணப் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. அதற்குத் தனிக் கூடுதல் பாதுகாப்பு எடுக்க வேண்டும்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் சம்பாதிப்பவர்கள் நிறைந்த கீழக்கரை, தேவிபட்டினம் பகுதிகளுக்கு நாமினி பற்றிய 39-ஆம் பிரிவு முக்கியம். 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பாலிசிப் பணத்தின் பயனுக்கு அவர்களே உரியவர்கள். சகோதரனை நாமினியாக எழுதிவிட்டு வெளிநாடு போனவரின் மனைவிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. திருமணமானதும் நாமினியை மாற்றச் சொல்லித் தருவது முகவரின் வேலை.

பாடம் புதியதா, பழையதா?

அச்சடித்த பாடக் குறிப்பைப் பார்த்து அது நாள்பட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கீழ்க்கண்டவற்றைத் தேடிப் பாருங்கள்.

1. பாலிசி பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தரும் காலம் 30 நாள். 15 நாள் என்றிருந்தால் 2024-க்கு முந்திய பாடம்.

2. மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகு, மோசடி தவிர வேறு காரணம் காட்டிக் கிளைமை மறுக்க முடியாது. இரண்டும் 2024-இல் வந்தவை.

3. மருத்துவமனையில் பணமில்லாச் சிகிச்சைக்கான வேண்டுகோளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போதான இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் பதில் தர வேண்டும்.

4. ஆயுள் சேமிப்புப் பாலிசியைப் பாதியில் விட்டால், முதலாண்டு பிரீமியம் முழுதும் கட்டி அந்த ஆண்டு முடிந்திருந்தாலே சிறப்புச் சரண் மதிப்பு (திரும்பக் கிடைக்கும் தொகை) உண்டு. இது 2024 அக்டோபர் 1 முதல்.

5. தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. குழுப் பாலிசிகளுக்கும் வாகனக் காப்பீட்டுக்கும் இந்த விலக்கு கிடையாது.

6. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் வழங்கக்கூடிய இழப்பீட்டின் உச்ச வரம்பு 50 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

ஆறில் இரண்டு தவறாக இருந்தாலும் அந்தப் பாடத்தை வாங்க வேண்டாம். பழைய விவரத்தைச் சொல்லி விற்கும் முகவர் வாடிக்கையாளரின் உரிமையைத் தன்னை அறியாமலேயே குறைத்துவிடுகிறார்.

தேர்வு செய்யும் முறை

முதலில் இலவசத்தைத் தேடுங்கள். நியமித்த நிறுவனத்திடம் பயிற்சித் திட்டம் இருக்கிறதா, அதில் கிளைம் பகுதி இருக்கிறதா, கடற்கரைக் கிளைக்காகத் தனி வகுப்பு நடத்த முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பத்து முகவர்கள் சேர்ந்து கேட்டால் கிளை மேலாளர் மறுப்பது கடினம். தடைக்காலத்தில் புதிய வணிகம் மந்தமாக இருக்கும். வகுப்பு வைக்க அதுவே நல்ல நேரம். வீடு, வாகனம் பற்றிய வகுப்பாக இருந்தால் அக்டோபருக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு கற்றுப் பயனில்லை.

கட்டணம் கட்டித்தான் படிப்பது என்று முடிவு செய்தால், தேர்வு வைத்துத் தகுதி தரும் இடத்தை நாடுங்கள். இந்தியக் காப்பீட்டு நிறுவகத்தின் லைசன்ஷியேட், அசோசியேட், ஃபெலோ தேர்வுகளுக்குத் துறை முழுவதும் மதிப்பு உண்டு. புனேயில் 1980 முதல் இயங்கும் தேசியக் காப்பீட்டுக் கழகமும் பயிற்சிகள் நடத்துகிறது. வருகைச் சான்றிதழ் மட்டும் தரும் இரண்டு மணி நேர இணைய வகுப்பை இவற்றோடு ஒப்பிட முடியாது.

எந்த வகுப்பானாலும், சேரும் முன் நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை:

1. இந்தப் பயிற்சி எந்த விதிமுறையின் கீழ், எந்தப் பணியாளருக்கு உரியது? விதிமுறையின் பெயரையும் ஆண்டையும் சொல்லத் தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2. மொத்த நேரத்தில் விற்பனை உத்திக்கு எவ்வளவு, விண்ணப்பம் நிரப்புதல், நிபந்தனைகள், கிளைம் ஆகியவற்றுக்கு எவ்வளவு? பாதிக்கு மேல் விற்பனை உத்தி என்றால் அது ஊக்கப் பேச்சு, படிப்பு ஆகாது.

3. பாடம் தமிழில் உண்டா? வாடிக்கையாளரிடம் தமிழில் விளக்கப்போகிறவர் தமிழில் கற்றால்தான் ‘விலக்கு’, ‘காத்திருப்புக் காலம்’, ‘சலுகைக் காலம்’ ஆகியவற்றை ஒன்றோடொன்று குழப்ப மாட்டார்.

4. நடத்துபவர் கிளைம் பிரிவில் பணியாற்றியவரா? நிராகரிக்கப்பட்ட கிளைம் கோப்புகளைப் பார்த்த ஒருவரிடம் ஒரு நாள் இருப்பது பெரிய பயன்.

5. பழைய பாலிசியை நிறுத்தச் சொல்லிப் புதியதை விற்கும் வித்தை சொல்லித் தரப்படுகிறதா? பழைய பாலிசியை முடிக்க வைத்து, மூன்று ஆண்டுக்குள் தன்னிடம் புதியது எடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது நடத்தை நெறி. கமிஷனில் பங்கு தந்து ஆள் பிடிக்கும் யோசனையும் அப்படியே. 41-ஆம் பிரிவின்படி அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இவற்றைக் கற்றுத்தரும் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

ஏமாற்றத்தைத் தவிர்க்க இன்னொரு வழி: ஆணையத்தின் முகவர் தளத்தில் நிரந்தரக் கணக்கு எண்ணை (பான்) கொடுத்து, தன் நியமனம் நடப்பில் இருக்கிறதா என்று முகவரே பார்த்துக்கொள்ளலாம். நடப்பில் இருக்கிறது என்று தளம் காட்டும்போது “காலாவதி” என்று மிரட்டும் செய்திக்குப் பணம் அனுப்பத் தேவையில்லை.

கற்றதை எங்கே தொடங்குவது?

புதிய வாடிக்கையாளரிடம் அல்ல, தன் பழைய கோப்புகளில். சேர்த்த பாலிசிகளின் நகல்களை எடுத்து மூன்று கட்டங்களை மட்டும் பார்க்க வேண்டும். தொழில் என்ற கட்டத்தில் கடல் மறைக்கப்பட்டிருந்தால், அந்தக் குடும்பத்திடம் பேசி உண்மையை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்க வேண்டும். கூடுதல் பிரீமியம் வந்தாலும் வரட்டும். நாமினியாகத் திருமணத்துக்கு முன் எழுதிய பெயர் இருந்தால் மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும். பிரீமியத் தேதி ஏப்ரல் பாதிக்கும் ஜூன் பாதிக்கும் நடுவே விழும் வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொண்டு, தை மாதத்திலிருந்தே சிறுகச் சிறுக ஒதுக்கி வைக்கச் சொல்லி அந்த வாசல்களுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.